பத்துக்கு இரண்டு

"பத்துக்கு ரெண்டு!"

லோவான் டீச்சர் விடைத்தாளைத் தூக்கிக் காட்டியதும் ஒன்பதாம் வகுப்பே சிரித்தது. குவே எழுந்து நின்றாள்.

பாடம் ஒரு பழைய செய்யுள் கதை. ஊர் திரும்பும் கணவனின் படகுச் சத்தம் கேட்கிறது. மனைவி விளக்கேற்றுகிறாள், பிள்ளைகளைத் தூங்க வைக்கிறாள், வாசலில் போய் நிற்கிறாள். காட்சியின் உணர்வு என்ன? வழிகாட்டி நூலை நெட்டுருப் போட்ட நாற்பது பேரும் 'மகிழ்ச்சி' என்று எழுதியிருந்தார்கள். குவே மட்டும் 'பயம்' என்று எழுதியிருந்தாள்.

"புருஷன் வந்தா பயமாடீ?" கடைசி பெஞ்சில் ஒருத்தி கேட்டாள். மறுபடி சிரிப்பு.

"சொல்லு, ஏன் பயம்?" என்றாள் டீச்சர்.

"சந்தோஷம்னா பிள்ளைங்களை எழுப்பி விட்டிருப்பா, டீச்சர். இவ அவசர அவசரமா தூங்க வைக்கிறா."

டீச்சர் விடைத்தாளை மறுபடி ஒருமுறை பார்த்தாள்.

"இனிமே தினமும் ஸ்கூல் விட்டதும் இங்கேயே உட்கார்ந்து திருப்பி எழுது. உங்கம்மா செருப்பு ஃபாக்டரியிலேருந்து வந்து, கையெழுத்துப் போட்டுட்டு உன்னைக் கூட்டிட்டுப் போகட்டும்."

"அப்பாவுக்குத் தெரிஞ்சா..."

"தெரியட்டும். உட்காரு."

மாலை. காலி வகுப்பில் குவே எழுதிக்கொண்டிருந்தாள். தெருவில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவள் பேனா நின்றது.

ஆசிரியர் அறையில் கணக்கு வாத்தியார் ஹியெப்புக்குப் பொறுக்கவில்லை.

"என்னங்க அநியாயம் இது? நாற்பதும் ஈயடிச்சான் காப்பி. சொந்தமா யோசிச்சது அந்தப் பொண்ணு ஒருத்திதான். நானா இருந்தா பத்துக்குப் பத்து போட்டிருப்பேன்!"

"ரெஜிஸ்டர்ல பத்துதான் சார் போட்டிருக்கேன்" என்றாள் லோவான் டீச்சர்.

"அப்புறம் எதுக்கு இந்தத் தண்டனை?"

"அவ தன் வீட்டைத்தான் எழுதியிருக்கா. நாலு மணிக்குப் போனா குடிச்சிட்டு அப்பன் மட்டும் இருப்பான். அம்மா வர ஆறாகும். மார்க் குறைஞ்சுதுன்னாதான் அவன் வாயை மூடிக்கிட்டு இங்கே விட்டு வைப்பான்."

ஹியெப் தலை குனிந்தார். "நீங்க எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?"

"அவ வயசுல நானும் இதே பதிலைத்தான் எழுதினேன் சார். எங்க டீச்சர் பத்துக்குப் பத்து போட்டு, முதுகுல தட்டிக் கொடுத்து, நாலு மணிக்கே வீட்டுக்கு அனுப்பி வெச்சாங்க."