எழுதாத கை

காலை வெயில் வார்டின் ஜன்னல் கம்பிகளைக் கட்டில்மேல் கோடு கோடாக இறக்கி வைத்திருக்கிறது. சிறுமி இடது கையை நீட்டியபடி உட்கார்ந்திருக்கிறாள். வகுப்பு உள்ள நாளில் எழுதாத கையில்தான் ஊசி ஏற வேண்டும் என்பது இந்த வார்டுப் பிள்ளைகள் தாங்களே போட்டுக்கொண்ட சட்டம். நர்ஸோ வலது கையைப் பிடித்து நரம்பு தேடுகிறாள். "இதுலதான் நல்லா கிடைக்குது, கண்ணு. இன்னைக்குத்தான் கிளாஸ் இல்லையே." சிறுமி கையை இழுத்துக்கொள்கிறாள். "யாரு சொன்னா, அக்கா? நேத்துப் போட்ட வகுத்தல் பாதியில நிக்குது." ஆஸ்பத்திரிப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும் டீச்சர் வாசலில் நின்று அதைக் கேட்கிறாள். நடைக்கோடியில் இருந்த வகுப்பறைக்குள் இப்போது அலுவலகத்தின் புது நாற்காலிகள் அட்டைப்பெட்டிகளில் கூரை வரை அடுக்கிக் கிடக்கின்றன; கரும்பலகை அவற்றுக்குப் பின்னால் எங்கோ. "உடம்பு சரியாகட்டும், படிப்பு எங்க ஓடிப்போகுது" என்று, அவள் கேட்கப் போனபோது அலுவலகத்தில் சிரித்துக்கொண்டே சொன்னார்கள். உடம்பு படுத்தால் பிள்ளைக்கு மூளையுமா படுத்துவிடும்? டீச்சர் விறுவிறுவென்று நடந்துபோய்க் கைக்கு எட்டிய பெட்டியின் மூடியைப் பிய்க்கிறாள். அட்டை கிழியும் சத்தம் நடை முழுக்கக் கேட்கிறது. "டீச்சரம்மா, அது ஆபீஸ் சாமான்" என்று காவலாளி பின்னாலேயே வருகிறார். "நாற்காலி பத்திரமா உள்ளதான் இருக்குண்ணே. வேணும்னா அதுல உட்காருங்க, உங்களுக்கும் சேர்த்தே நடத்துறேன்." வார்டுக்குத் திரும்பி, சிறுமியின் கட்டில் கால்மாட்டில் அட்டையைச் சாத்தி, நேற்றைய கணக்கைக் கொட்டை எழுத்தில் எழுதுகிறாள். நர்ஸ் அதையே ஒரு கணம் பார்க்கிறாள். பிறகு வலது கையை விட்டுவிட்டு, ஊசியோடு கட்டிலைச் சுற்றி இடது பக்கம் போகிறாள்.