மாதேசனின் புதிய உணவுக்குழாய்

காத்திருப்போர் பட்டியலில் மாதேசனின் முறை வந்ததும், அவருடைய செல்களிலிருந்தே வளர்த்த உணவுக்குழாயைப் பொருத்தி ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். சேலத்துக் கொலுசுப் பட்டறை ஒன்றில் தண்ணீர் என்று நினைத்து, வெள்ளி கழுவ வைத்திருந்த அமிலத்தை அவர் குடித்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது. அன்று உயிர் தப்பிவிட்டார். ஆனால் புண் ஆற ஆற உணவுக்குழாய் சுருங்கி அடைத்துக்கொண்டது. அதன்பின் வயிற்றில் செருகிய குழாய் வழியாகக் கஞ்சிதான்.

மனைவி சுகுணா இட்லியைப் பிட்டுப் போட்டுத் தட்டை நீட்டினாள். அவர் மென்று விழுங்கினார்.

“எரியுதுங்களா?”

“இல்ல. நல்லா எறங்குது.” அவருக்குக் கண் கலங்கியது. “நீயும் உக்காரு. சேந்து சாப்புடலாம்.”

“நான் அப்புறம் சாப்புட்டுக்கறேன்.”

“எத்தன வருசமா இதையே சொல்லுவ?”

அவர் பார்த்து ஏங்கக் கூடாதென்று, இத்தனை வருடமும் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு நின்றபடியே அவசரமாகத் தின்றவள் அவள். வாசனை வரும் என்று தாளிப்பதைக்கூட விட்டிருந்தாள். இப்போது அவர் எதிரே உட்கார்ந்து ஒரு வாய் வைத்தாள். அவர் ஆசையோடு பார்த்துக்கொண்டிருந்தார். அவள் மென்றது உள்ளே இறங்கவில்லை. திருடும்போது பிடிபட்டதுபோல் அவளுக்கு உடம்பு கூசியது.

“கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கறீங்களா?” என்றாள் மெல்ல.

அவர் தட்டை எடுத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். முதுகுக்குப் பின்னால் அவள் சாப்பிடத் தொடங்கும்வரை அடுத்த வாயை எடுக்காமல் காத்திருந்தார்.