முன் கம்பு

பெரிய வெள்ளியின் மாலை வெயில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடத்திய இயேசுவின் மரப்பாதங்களில் விழுகிறது. பெட்டியைத் தாங்கும் முன் கம்பு மூன்று தலைமுறையாக செவெரினோ வீட்டுத் தோளுக்கே உரியது. இன்று அவர் மகன் ரெனான்டோ சுமக்கிறான். பவனியில் அவனருகே நடக்கும் செவெரினோவுக்கு மெழுகு வாசனைக்கு நடுவே மாம்பழ வாசனை அடிக்கிறது. மகனின் கால்சட்டைப் பையிலிருந்து புகை கசிகிறது.

"என்னடா, சாம்பிராணிய பாக்கெட்லயே கொளுத்திட்டியா?" என்று பின்னால் சுமப்பவன் கிசுகிசுக்கிறான்.

"மின்சிகரெட்டுப்பா. பட்டன் அமுங்கி மாட்டிக்கிச்சு. தொடை வேகுது" என்று ரெனான்டோ அப்பாவிடம் முனகுகிறான்.

"தோள எடுத்தா கம்பு அடுத்த வீட்டுக்குப் போயிடும். நட" என்கிறார் செவெரினோ.

செவெரினோ அந்தப் பைக்குள் கைவிட்டு, கொதிக்கும் கருவியை ஜெபமாலையோடு சேர்த்து வலது உள்ளங்கையில் மூடிக்கொள்கிறார்.

"நகத்தால நெம்புங்கப்பா. அப்புறம் அஞ்சு தரம் அமுக்குங்க, அணைஞ்சிடும்."

பட்டன் துள்ளி மேலே வருகிறது. ஜெபமாலை மணிகளை எண்ணுவதுபோல் ஐந்து முறை அமுக்குகிறார். சிவப்பு விளக்கு அணைகிறது, சூடு அணையவில்லை.

"கீழ போட்டுடுங்கப்பா."

"ஊரே பாக்கட்டும்னா?"

பாண்டு வாத்தியம் மெதுவாக அழுதுகொண்டு முன்னே போகிறது. செவெரினோவின் முதுகு வளையவில்லை. மூடிய விரல்களின் கணுக்கள் மட்டும் வெளுத்திருக்கின்றன. கோயில் வாசலில் பெட்டி இறங்கியதும், பெரியவரின் வலது கையை நெற்றியில் ஒற்றி ஆசி வாங்கும் ஊர் வழக்கப்படி, செவெரினோவிடம் பேரப்பிள்ளைகள் வரிசையில் வருகிறார்கள். வாழ்வில் முதல் முறையாக அவர் இடது கையை நீட்டுகிறார். கடைசியில் ரெனான்டோ வருகிறான். நீட்டிய கையை விட்டுவிட்டு, மூடிய வலது கையை இரு கைகளாலும் ஏந்தி நெற்றியில் வைக்கிறான். சூடு இன்னும் ஆறவில்லை.