வீடு திரும்பிய வீரர்

"பொங்கலுக்குள் நம் வீரர்கள் அத்தனை பேரும் போர்முனையிலிருந்து வீடு திரும்பிவிடுவார்கள்" என்று தலைவர் மூன்றாவது வருஷமாக அறிவித்தார். பொற்கொடி டிவியைப் பார்த்து, "எந்தப் பொங்கலுக்குய்யா?" என்று கேட்டாள். பக்கத்து வீட்டு ஃப்ளோரா விழுந்து விழுந்து சிரித்தாள்.

போகிக்கு முந்தின நாள் பொற்கொடியின் கணவன் தணிகாசலம் பெட்டியோடு வாசலில் வந்து நின்றான். அவள் அழுதே விட்டாள். தலைவரைக் கிண்டல் செய்ததற்காகக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் ராணுவ அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வந்து, படுக்கையறையில் ஒரு நாற்காலியையும் மூன்று திரைகளையும் பொருத்தினார்கள்.

"எல்லையில இனிமே ட்ரோன் மட்டும்தாம்மா. சார் இங்கிருந்தே சண்டை போடலாம்."

அன்றிலிருந்து தணிகாசலம் காலையில் நாற்காலியில் உட்கார்ந்தால் எழுந்திருப்பதே இல்லை. சாப்பிடக் கூப்பிட்டால், "ஒரே ஒரு பாலம்தான் பாக்கி, உடைச்சிட்டு வந்துடறேன்" என்பான். அவனுடைய தங்கை கல்யாணத்துக்குக்கூட பொற்கொடி தனியாகத்தான் போய் வந்தாள்.

"லீவு கேளுங்களேன்" என்றாள்.

"கேட்டேன். வீட்லதானே இருக்கே, உனக்கு எதுக்கு லீவுன்னு கேக்கறாங்க."

பொற்கொடி நேராக ராணுவ அலுவலகத்துக்குப் போய் மனு கொடுத்தாள். அதைப் படித்த அதிகாரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"உங்க வீட்டுக்காரரைத் திரும்ப எல்லைக்கு அனுப்பச் சொல்றீங்களா?"

"ஆமா சார். அங்க இருந்தப்போ வருஷத்துல ரெண்டு மாசமாவது வீட்டுக்கு வருவார்."