அந்த இருபது நொடி

ஒத்திகையில் முதல் வயலின்காரர் மூன்றாவது முறையாக வில்லால் நோட்டு ஸ்டாண்டைத் தட்டினார்.

"அக்கா, அந்த இடத்துல செல்லோதான் கேக்கணும். உங்க பஸூன் ஊரையே எழுப்புது."

எல்லாரும் சிரித்தோம். எல்லாரையும் விட அதிகமாகச் சிரித்தவர் செல்லோக்காரர். அவர் பஸூன் அக்காவின் வீட்டுக்காரர்.

"வீட்லயும் இதே சத்தம்தான்," என்றார்.

பக்கத்து நாற்காலியில் கிளாரினெட் வாசிக்கும் எனக்கு மட்டும் விஷயம் பிடிபடவில்லை. பஸூன் என்கிற அந்த நீளமான, கனத்த குரல் குழல் கோட்டுக்குள் இருக்கும் லைனிங் துணி மாதிரி. செல்லோவுக்கு அடியில் நின்று தாங்கும்; தனியாகத் தெரியாது. அக்கா பதினோரு வருடமாக அப்படித்தான் வாசிக்கிறார். எழுபது தாளம் பிசகாமல் எண்ணி, ஒரே ஒரு சுரத்தை ஊதிவிட்டு, மறுபடி சும்மா உட்கார்ந்திருப்பார். அப்படிப்பட்ட மனுஷிக்கு செல்லோ முன்னால் வரும் இந்த இருபது நொடியில் மட்டும் சாமி வந்துவிடுகிறது.

"சரி, இங்க பஸூனே வேண்டாம். செல்லோவை மட்டும் தனியா கேப்போம்," என்றார் முதல் வயலின்காரர்.

அக்காவின் முழங்கை இடித்து, பஸூனின் மாற்றுச் சீவாளி ஊறிக்கொண்டிருந்த தண்ணீர்க் கிண்ணம் கவிழ்ந்தது. தண்ணீர் முதல் வயலின்காரரின் செருப்பு வரை ஓடியது. மறுபடி சிரிப்பு. இதுதான் சாக்கு என்று எல்லாரும் டீ குடிக்க எழுந்துவிட்டார்கள்.

பதினோரு வருடத்தில் அந்தக் கிண்ணம் ஒரு தரம்கூடக் கவிழ்ந்ததில்லை.

தரை துடைக்கத் துணி தேடி உள்ளறைக்குப் போனேன். அக்கா அங்கே செல்லோக்காரரின், தந்தியை அழுத்தும் இடது கை விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிட்டுக்கொண்டிருந்தார். மோதிர விரலும் சுண்டு விரலும் மடங்கவே இல்லை.

"சனிக்கிழமை கச்சேரி மட்டும் முடிஞ்சிரட்டும்," என்றார் அவர். சிரிப்பெல்லாம் எங்கே போனதோ.

அக்கா என்னைப் பார்த்துவிட்டார். துணியை எடுத்து நீட்டினார். நானும் சேர்ந்து சிரித்தேனே என்று வெட்கமாக இருந்தது.

டீ முடிந்து மறுபடி அந்த இடம் வந்தது. அக்கா பஸூனை மடியில் சாய்த்துவிட்டு, இரண்டு கைகளாலும் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். எனக்கு அங்கே நீளமாக ஒரே ஒரு சுரம்தான். அதையும் மெல்ல ஊத வேண்டும்.

மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டேன்.

வில் ஸ்டாண்டில் தட்டியது.

"இப்ப கிளாரினெட்டுக்கு என்ன கேடு?"

எல்லாரும் சிரித்தார்கள், அக்காவைத் தவிர.