நடுக்கோடு

முள் மறுபடியும் இடதுபக்கமே சாய்ந்தது.

கரையேற்றிய படகின் நிழலில் காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறேன். தேவனாம்பட்டினத்தில் வலை பிரிக்கிறவர்கள், மீன் விற்கிறவர்கள், வெயிலில் சும்மா நிற்கிறவர்கள் என்று எல்லோரும் என் கருவியின் குழாயில் ஊதிப் பார்த்துவிட்டார்கள்.

மூச்சை வைத்தே சிறுநீரகக் கோளாறைச் சொல்லும் கருவி. நானே செய்தது. வலி, வீக்கம் எதுவும் வருவதற்கு முன்பே காட்டிக்கொடுத்துவிடும். "முன்னாடியே தெரிஞ்சா பொழைச்சுக்கலாம்" என்று ஊத வந்த ஒவ்வொருவரிடமும் கிளிப்பிள்ளை மாதிரி சொல்லிக்கொண்டிருந்தேன்.

முள் நடுக்கோட்டில் நின்றால் நல்ல உடம்பு. வலதுபக்கம் போனால் கோளாறு. இடதுபக்கம் நான் எண்ணே எழுதவில்லை. நல்ல உடம்பைவிட நல்ல உடம்பு எங்கே இருக்கிறது?

ஆனால் பாழாய்ப்போன முள் அத்தனை பேருக்கும் அங்கேதான் போய் விழுந்தது. வீட்டில் நான் ஊதியபோதும் அப்படித்தான். சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்ததால் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

"ஏம்பா ஜோசப்பு, மெஷினுக்கே ஒடம்பு சரியில்ல போலிருக்கே!" என்றாள் பொன்னி அக்கா.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. எனக்கு மானமே போயிற்று.

பொன்னி அக்கா சேரனின் அக்கா. சேரன் நான் காதலிக்கிறவன். ஊருக்கு நாங்கள் மச்சான், மச்சான் என்று கூப்பிட்டுக்கொள்ளும் இரண்டு நண்பர்கள். அக்காவுக்கு மட்டும் விஷயம் தெரியும். தெரியாத மாதிரியே எனக்கென்று ஒரு வஞ்சிரத் துண்டு எடுத்துவைப்பாள்.

நடுக்கோடு சேரனுடையது.

மார்கழியில் ஒரு மதியம். சிதம்பரத்தில் என் மாடியறையில் அவன் தூங்கிக்கொண்டிருந்தான். ஜன்னல் வெயில் அவன் தோளில் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. கீழே தெருவில் யாரோ பூ விற்றுக்கொண்டு போனார்கள். கருவிக்கு ஒரு நல்ல மூச்சு வேண்டியிருந்தது, மற்ற மூச்சுகளை அதோடு ஒப்பிட்டுப் பார்க்க.

படகை ஒற்றை ஆளாய்த் தள்ளுகிறவன், காய்ச்சல் என்று ஒருநாள் படுக்காதவன். இவனைவிட நல்ல மூச்சு உண்டா? எழுப்பாமல், குழாயை அவன் உதட்டருகே பிடித்தேன். அவன் விட்ட மூச்சில் முள் எங்கே நின்றதோ அங்கே கோடு போட்டேன். நூறு பேரிடம் எடுத்துச் சராசரி பார்த்திருக்க வேண்டும். எனக்கு அவன் ஒருவன் போதுமென்று தோன்றியது.

இப்போது சேரன் கடலிலிருந்து ஈரமாக ஏறி வந்தான்.

"தள்ளுங்கப்பா, நான் ஊதுறேன்" என்று குழாயை வாங்கி ஊதினான்.

முள் நடுக்கோட்டில் ஆணி அடித்த மாதிரி நின்றது.

கைத்தட்டல், விசில். ஊரிலேயே இவன் ஒருத்தன்தான் நல்லா இருக்கான் என்று யாரோ கத்தினார்கள். அப்பாடா, கருவி கெடவில்லை என்று நானும் சேர்ந்து சிரித்தேன்.

கருவி கெடவில்லை.

அதை மனதுக்குள் இரண்டாம் தடவை சொன்னபோது அலைச் சத்தம் எங்கோ தூரத்துக்குப் போய்விட்டது. இத்தனை பேரும் நன்றாக இருக்கிறார்கள். நானும் நன்றாக இருக்கிறேன். நல்ல உடம்பு இருந்தது, நான் எண்ணே எழுதாத அந்த இடதுபக்கத்தில். அங்கிருந்து பார்த்தால் சேரனை வைத்துப் போட்ட என் நடுக்கோடு எவ்வளவோ வலதுபக்கம்.

அவன் கையிலிருந்து குழாயை வாங்கிக்கொண்டேன்.

"என்ன மச்சான், பாஸா?" என்று ஈரத்தலையை என் மேல் உதறினான் சேரன்.

"முன்னாடியே தெரிஞ்சா பொழைச்சுக்கலாம் மச்சான்" என்றேன்.

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அவனும் சிரித்தான்.

பொன்னி அக்கா மட்டும் என் முகத்தைப் பார்த்துவிட்டு, இடுப்பிலிருந்த மீன்கூடையை மணலில் இறக்கி வைத்தாள்.