பத்துக்கு ஒன்பது

"கண்ண மூடிக்கோ," என்றார் கணவர். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"மூடிட்டேன்," என்றாள் அவள், சிரிக்காமல்.

அவளுக்குப் பார்வை போய் எட்டு மாதம். நாக்கை 'டக்'கென்று தட்டி, திரும்பி வரும் ஓசையை வைத்து எதிரில் இருப்பது இரும்பா, துணியா, மரமா என்று கண்டுபிடிக்கப் பயிற்சியாளர் சொல்லிக்கொடுத்திருந்தார்.

வீட்டில் பரீட்சை வைப்பது கணவரின் பொறுப்பு. ஏதாவது ஒரு பொருளை எடுத்துவந்து, அவள் முகத்துக்கு ஒரு முழம் தள்ளிப் பிடிப்பார்.

டக், டக். "தட்டு."

சரி.

டக், டக். "தலையணை. தூக்கிப் பிடிங்க, தொங்குது."

அதுவும் சரி.

பத்து நாளாக ஒன்றுகூடத் தப்பவில்லை. அவர் ஓட்டும் பள்ளிப் பேருந்தில் ஏறும் பிள்ளைகள்வரை இந்தப் பெருமை பரவியிருந்தது. பயிற்சியாளருக்குப் போன் போட்டு, "அவ ரெடி சார், தெருவுல தனியா நடக்க விடலாம்" என்று நாள் குறித்ததும் அவர்தான்.

அந்த நாள், நாளை.

தலைவலி என்று சொல்வதா, வயிற்றுவலி என்று சொல்வதா என்று அவள் இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருந்தாள்.

ஒன்பது பொருள் முடிந்தது. பத்தாவதற்கு அவர் எழுந்து போகவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே தன் முகத்தை அவள் முகத்துக்கு எதிரே நீட்டினார். மூச்சைக்கூட அடக்கிக்கொண்டார்.

டக்.

அவள் தலையைச் சாய்த்தாள். டக், டக். இன்னொரு பக்கம் சாய்த்தாள். டக்.

இவ்வளவு நேரம் அவள் எடுத்துக்கொண்டதே இல்லை.

"பூசணிக்காய்," என்றாள்.

அவர் வெடித்துச் சிரித்தார். "தப்பு! என் மூஞ்சிம்மா அது!"

பிறகு, மனசு கேட்காமல், "ஒண்ணுதானே போச்சு, விடு. வேணும்னா தெருவ அடுத்த வாரம் வச்சுக்கலாமா?" என்றார்.

"எதுக்கு? நாளைக்கே போறேன்."

முதல் தப்புக்குப் பிறகு இந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது என்று அவருக்கு விளங்கவில்லை.

பத்து நாளாக அவளுக்கு விடை சொன்னது பாத்திர அலமாரியின் கலகலப்பும், கட்டிலின் முனகலும், பீரோக் கதவின் கிறீச்சும்தான். நாக்கைத் தட்டி அவள் நிஜமாகவே கண்டுபிடித்தது அந்த முகம் ஒன்றைத்தான்.

அதை உடனே ஒத்துக்கொள்ள மனம் வராமல்தான் பூசணிக்காய் என்றாள்.